சிங்கத்துக்கு எலுமிச்சம்பழம்

மலேசியாவின் கிள்ளான் நகரில் சிங்க நடனம் சொல்லித்தரும் மெய் லிங்குக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவர். சீடர்கள் அவரை ‘சிஃபு’ என்பார்கள், குரு என்று அர்த்தம். சீடர்களில் தயாளன் ஒருவன்தான் தமிழன். ஒரு சிங்கத்துக்குள் முன்னும் பின்னுமாக இருவர் ஆடுவார்கள்; தலைக்குள் நின்று ஆடுவது அவன்தான்.

சீனப் புத்தாண்டுப் பெருநாள் நெருங்கும் நேரம். எல்லாரும் குதித்துக்கொண்டிருக்க, தயாளன் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரே தாய்மாமன் இவன் இருக்க, இவன் அப்பா வேறொருவரை உட்கார வைக்கப் போகிறாராம். சிங்கம் ஆடித் திரிகிற இந்தச் சீனன் மடியில் என் பேத்தி உட்கார மாட்டாள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

“அந்தக் குடும்பமே எனக்கு வேணாம் சிஃபு. இனிமே நான் உங்க ஆளு. பேரைக்கூட மாத்திக்கிறேன். என்ன சொல்றீங்க?”

சிஃபு புதிதாக வந்திருந்த சிங்கத்தை லோரியில் ஏற்றச் சொன்னார்.

புதுச் சிங்கத்துக்கு மதிப்பான ஒருவர் சிவப்புச் சாந்து தொட்டுக் கண் திறந்துவிட வேண்டும். அதுவரை அது தூங்குவதாகக் கணக்கு. யாரிடம் போகிறோம் என்பது தெருமுனை திரும்பியபோதுதான் தயாளனுக்கு விளங்கியது. அது அவன் அப்பா வீரபத்திரனின் லோரிக் கம்பெனி.

அவன் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

“தலைக்குள்ள போ. சத்தம் வரக் கூடாது” என்றார் சிஃபு.

வீரபத்திரனின் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் சீனர்கள். சிங்கம் வாசலுக்கு வந்தால் அவருக்குக் கொண்டாட்டம்தான். மகன் ஆடினால்தான் மானம் போய்விடும்.

“நீங்கதான் ஐயா கண்ணு தொறந்து விடணும்” என்று சிஃபு கும்பிட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சிஃபு நீட்டிய சாந்தைத் தள்ளிவிட்டு, உள்ளே ஓடிக் குங்குமத்தோடு வந்தார். கண்ணுக்கும் நெற்றிக்கும் வைத்தார். சூடம் காட்டினார். அதோடு விட்டாரா? அவர் இதுவரை பூஜை போட்டதெல்லாம் லோரிகளுக்கு. பூஜையில் காலில் சப்பாத்து ஆகாது, ஆடுகிறவர்களைக் கழற்றச் சொல்லுங்கள் என்றார். புது லோரிக்குச் சக்கரத்தடியில் வைப்பதுபோல், சிங்கத்தின் நாலு காலுக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றார்.

தயாளனுக்கு உள்ளே சிரிப்பு ஒரு பக்கம், படபடப்பு ஒரு பக்கம். அவன் வெறுங்கால் முன்னே அப்பாவின் வழுக்கைத் தலை இறங்கியது. ஒரு கை அவன் குதிகாலைப் பிடித்து, கொஞ்சம் நகர்த்தி, பழத்தை வைத்தது. பிறகு அடுத்த காலுக்கும் அப்படியே.

“ம், எடுங்கப்பா வண்டிய” என்றார் வீரபத்திரன், பழக்கதோஷத்தில்.

முரசு அதிர்ந்தது. பழங்கள் நசுங்கின. பின்னால் ஆடிய ஆ ஹோக் இடுப்பைப் பிடித்துத் தூக்க, தயாளன் என்றைக்கும் இல்லாத உயரத்துக்கு எகிறினான். டிரைவர்கள் விசிலடித்தார்கள். வீரபத்திரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சிங்கத்தோடு தானும் ஆடினார்.

திரும்பும் வழியில் தயாளனுக்கு மூச்சும் பேச்சும் ஒன்றாக வந்தன.

“பாத்தீங்களா சிஃபு? சிங்கத்துக்குப் பொட்டு வெக்கிறாரு, கூட ஆடுறாரு. உள்ள இருக்கிறது நான்னு தெரிஞ்சிருந்தா வெரட்டியிருப்பாரு. தலையத் தூக்கி மூஞ்சியக் காட்டியிருக்கணும்.”

சிஃபு சிரித்தார். “காது குத்து என்னைக்கு?”

“ஞாயித்துக்கெழம. நான் போகப்போறதில்ல.”

“உன் காலைப் புடிச்சாரே, எதுக்கு?”

“பழத்த நேரா வெக்கத்தான்.”

“ஆ ஹோக் காலுக்கு யாரு வெச்சா?”

தலைக்குள் நிற்பவனுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்?

“டிரைவர்தான் வெச்சான். உன் காலுக்கும் அவன்தான் வெக்க வந்தான்” என்றார் சிஃபு. “உங்கப்பா உன் காலைப் பாத்தாரு. அவன் கையிலேருந்து பழத்தப் புடுங்கிட்டு, தானே முட்டி போட்டாரு.”