ஐந்தாவது இலை

செம்பாறை அருவிக்குப் போகும் வழியில் நூற்றிருபது அறை கொண்ட விடுதி பரஞ்சோதியுடையது. சீசன் வந்தால் பேருந்து பேருந்தாக ஆள் வந்து இறங்கும், மூச்சுவிட நேரமிருக்காது. அப்படிப்பட்ட மனிதர் அன்று விடுதியைப் பூட்டிவிட்டு, செருப்பைக்கூட மறந்து, மலைமேல் இருக்கும் வடிவம்மையின் குடிலுக்கு ஓடிவந்தார். வடிவம்மை வயதில் இளையவர்தான். இருந்தாலும் பரஞ்சோதிக்கு அவர்தான் குரு. அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

“என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“அம்மா, என் விடுதியில ஒருத்தர் செத்துக் கிடந்திருக்கார். ரெண்டு நாளா! எங்க யாருக்குமே தெரியலை. அறையைக் காலி பண்ணச் சொல்லிக் கதவைத் தட்டினப்பதான்...”

பரஞ்சோதி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவர் மக வந்தா. அழக்கூட இல்லை. ‘அப்பா கடைசியா எப்ப சாப்பிட்டார்?’னு மட்டும் கேட்டா. எனக்கு அவர் முகமே தெரியாதும்மா.”

வடிவம்மை உள்ளே போனார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார். பரஞ்சோதி கையில் வாங்கினாரே தவிர, குடிக்கத் தோன்றவில்லை.

“இனிமே அந்தக் கூட்டமே வேண்டாம். இப்ப எல்லாரும் சின்ன இடமாத்தான் தேடுறாங்களாம், பத்து அறை போதும்னு மகன் சொல்றான். எனக்குப் பத்துன்னாலும் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க. எத்தனை அறை வச்சுக்கட்டும்?”

“முதல்ல இவங்க பசியைக் கவனிப்போம். நீயே பரிமாறு.”

அருவி பார்க்க வந்து குடிலில் தங்கியிருந்த எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுவதில் பரஞ்சோதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. எத்தனை பந்தி பார்த்த கை! கூட்டும் பொரியலும் மளமளவென்று வைத்தார். உள்ளே போய்ச் சோற்று வாளியைத் தூக்கிவந்தார். குனிந்த தலை நிமிராமல் இலை இலையாகப் போட்டுக்கொண்டே போனார்.

“பரஞ்சோதி, இப்ப நீ சோறு போட்ட அந்த அஞ்சாவது இலை யாருது?”

நிமிர்ந்து பார்த்தார். இலைக்கு முன்னால் யாருமில்லை. சோற்றில் மட்டும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த வாளி நழுவி விழுந்தது. அவர் வீட்டில் ஆளில்லாத இலையில் சோறு போடுவது வருஷத்துக்கு ஒருமுறைதான், அப்பாவின் திதியன்று.

“ஐயோ அம்மா, என்ன காரியம் பண்ணிட்டேன்!”

கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் சங்கடத்துடன் வெளியே வந்தார். பரஞ்சோதி உள்ளே போயிருந்தபோது அம்மாதான் கண்ணைக் காட்டி அவரை எழுப்பியிருந்தார். அவர் தன் இலைக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

“எத்தனை அறைன்னு கேட்டியே” என்றார் வடிவம்மை. “முகம் பார்க்காம எந்த இலையில சோறு போட்டியோ, அதுக்கு முந்தின இலையோட நிறுத்திக்கோ.”

பரஞ்சோதி தோள்துண்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசைக்கு முதுகைக் காட்டி அம்மாவின் முன் கைகட்டி நின்றார்.

“அப்போ நாலு அறை. சரிதானேம்மா?”

“திரும்பிப் பார்க்காம சொல்லு. நாலாவது இலையில உக்காந்திருக்கிறது ஆம்பளையா, பொம்பளையா?”