மூத்த பிணம்

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை ஆடும் அந்தத் திருச்சிக் கும்பலில், கதையை நடத்தும் பரந்தாமன் வைத்ததுதான் சட்டம். மூன்று வாரம் முன்பு புதிதாய்ச் சேர்ந்த பூங்கோதைக்கு அன்று பகடையில் ஆக மோசமான எண்ணான ஒன்று விழுந்தது. அவள் ஆடிய வைத்தியச்சியைப் பாம்பு கடித்துக் கொன்றது.

"செத்தவங்களுக்கு இந்த மேஜையில இடமும் இல்ல, பேச்சும் இல்ல. எழுந்திரும்மா!" என்று அவளுடைய பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளைக் கிழிக்கக் கை நீட்டினார் பரந்தாமன்.

பூங்கோதை தாளை விடவில்லை. "கதையில மூணு வாரமா நம்மளை மிரட்டுற பேய் ராஜா எப்பண்ணா செத்தாரு?"

"கதை ஆரம்பிக்க நூறு வருஷம் முன்னாடி."

"அவருக்காகப் பேசறது யாருண்ணா?"

"நான்தான்!"

"அப்ப மூத்த பொணம் முதல்ல எழுந்திருங்க. நான் பின்னாடியே வரேன்."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. அடுத்த சுற்றில் பேய் ராஜாவை எதிர்த்து ஒரு பேய் வைத்தியச்சி நின்றாள்.