ஆறு பத்துக்கு ஒருவர்

"ஒரே சர்வர்ல எத்தன அப்ளிகேஷன் வைக்கலாம், டீச்சர்?" என்று கேட்டார் இன்னாசி.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஜெனோவாவுக்கு முப்பத்தொன்று. துறைமுக அலுவலகத்தின் ஜாவா சர்வரை அவருக்குப் பழக்கிவிட்டவள் அவள்தான். அதனால் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணன்.

"ஏன் கேக்கிறீங்க?"

"நாலு இருந்துச்சு. என்னோடத அஞ்சாவதாப் போட்டேன். மூச்சு முட்டி விழுந்திருச்சு."

"அப்புறம்?"

"யாரும் பாக்காத ஒண்ண எடுத்துட்டேன். இப்ப விழாம ஓடுது."

"எத?"

"கரை திரும்பாத படகுகள் பட்டியல். பதினேழு படகோட பேரு, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரே ஒருத்தர்தான் பாக்கிறாங்க."

"யாரும் பாக்கலைங்கிறீங்க. ஒருத்தர்ங்கிறீங்க."

ஜெனோவா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அந்தப் பக்கத்துக்கு யாரு எப்ப வந்தாங்கங்கிற லாக் இது. வாசிங்க."

"மூணாந்தேதி, காலை ஆறு பத்து. ஒரு தடவ."

"அடுத்தது."

"நாலாந்தேதி, ஆறு பத்து. ஒரு தடவ."

"அடுத்தது."

"ஆறு வருசமா இப்படித்தான் போகுது, டீச்சர்."

"நீங்க எடுத்த மறுநாள வாசிங்க."

"ஆறு பத்து. பக்கம் இல்லை. ஆறு பதினொண்ணு. பக்கம் இல்லை. ஆறு பன்னெண்டு..."

ஏழு மணிக்குள் பதினான்கு தடவை.

அடுத்த நாள் நான்கு.

அதற்கடுத்த நாள் ஒன்று.

பிறகு எதுவும் இல்லை.

"யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிரலாமா?"

"பேரு கேக்காத பக்கம்ணே அது. பதினேழுல எந்தப் படகுக்காக வந்தாங்களோ."

அந்தப் பக்கம் எவ்வளவு மெமரி பிடித்திருந்தது என்று, யாரும் சொல்லாமலே, இன்னாசி தேடிப் பார்த்தார். எள்ளளவு. பாதி சர்வரை அடைத்துக்கொண்டு கிடந்தது அவருடைய ஐந்தாவதுதான். ஐஸ் விற்பனையின் வண்ண வரைபடங்கள். மேலதிகாரி தொட்டதும் திறக்க வேண்டும் என்று, மூன்று வருடக் கணக்கையும் காலையிலேயே ஏற்றிவைக்கும்படி இன்னாசியே அமைத்திருந்தார்.

"ஒண்டுக்குடித்தனத்துக்குக் கடைசியா வந்தவரு, மூலையில கெடந்த சீவனக் காலி பண்ண வச்சிட்டீங்க," என்றாள் ஜெனோவா. அவள் சிரிக்கவில்லை.

அன்றே தன்னுடையதைச் சுருக்கினார். பழைய பக்கத்தைத் திரும்ப ஏற்றினார். ஐந்தும் சத்தமில்லாமல் ஓடின.

மறுநாள் ஆறு மணிக்கே லாக் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆறு பத்து.

ஆறு இருபது.

மற்ற நான்குக்கும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் அப்படி உட்கார்ந்தார். கடைசியில் ஒருநாள், பையோடு உள்ளே நுழைந்த ஜெனோவாவிடம் திரும்பாமலே சொன்னார்.

"இனி வரமாட்டாங்க போல, டீச்சர். நானும் எத்தன நாள்தான் பாக்கிறது?"

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"அவுங்க எத்தன நாள் பாத்தாங்கண்ணே?"