மியூரியல் ஆன்ட்டியின் முழங்கால்

"குருவே, அந்த ஆன்ட்டி எழுந்திருக்கலைன்னா நம்ம கதி என்ன?"

அருள்தாஸ் இதைக் காலையில் போனில் கேட்டான். சாயங்காலம் ஒத்திகைக்கு வந்து, கிதாரைப் பையிலிருந்து எடுக்கும் முன்னால் மறுபடியும் கேட்டான்.

குரு ஸ்க்ரூ டிரைவரால் டிரம்ஸின் காலை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

குரு என்றதும் தாடியும் காவியும் நினைவுக்கு வந்தால் அதை அப்படியே ஓரமாக வையுங்கள். இந்த குருவுக்கு இருபத்தாறு வயது. பெயர் செங்கமலம். பகலில் ஏசி ரிப்பேர், பொழுது சாய்ந்தால் டிரம்ஸ். சிஷ்யனுக்கோ நாற்பத்து நாலு, தபால் ஆபீஸ் உத்தியோகம். முதல் நாள் "ஏம்மா, கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா?" என்று கேட்டவன், அவள் அடித்த அடியைக் கேட்டதும் 'குருவே'வுக்கும் 'நீங்க'வுக்கும் மாறிவிட்டான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். எப்போது நிஜமாச்சு என்று அவனுக்கே தெரியாது.

பாஸ் கிதார் சார்லஸையும் சேர்த்து மூன்றே பேர். குழுவின் பெயர் எலிப்பொறி. வாசிப்பது பங்க், அதாவது ராக்கிலேயே அதிவேகக் கூச்சல். கேட்கிறவர்களுக்குக் காது, பாடுகிறவர்களுக்குத் தொண்டை, இரண்டில் ஒன்று போகும்.

"குருவே, கேட்டேனே?"

"அந்த ஆன்ட்டியோட முழங்கால் உங்ககிட்டயா இருக்கு?"

"இல்ல."

"அப்ப விடுங்கண்ணே."

விட முடிந்தால் அவன் ஏன் கேட்கிறான்?

பெரம்பூரில் ரயில்வே ஆங்கிலோ-இந்தியர்களின் பழைய நடன ஹால் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை அங்கே ஆட்டம். வழக்கமாக வாசிக்கிறவர்கள் கோவாவுக்குப் போய்விட்டதால் எலிப்பொறிக்கு அடித்தது யோகம். நிபந்தனை ஒன்றுதான். ராக் அண்ட் ரோல் பிறந்த காலத்துப் பாட்டுகளைத்தான் வாசிக்க வேண்டும். அந்த ஹாலில் இருப்பவர்கள் இளவட்டமாக இருந்தபோது ஜோடி போட்டு ஆடிய பாட்டுகள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இருப்பவர்களில் மூத்த பெண்மணிதான் முதலில் எழுந்து ஆடத் தரையில் கால் வைக்க வேண்டும். அதுவரை ஈ காக்கை அசையாது. இப்போது மூத்தவர் மியூரியல் ஆன்ட்டி. எண்பத்து மூன்று வயசு. பாட்டு பிடிக்கவில்லையென்றால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாராம். ஒரு வருஷம் ஒரு குழு முழு நேரமும் காலித் தரைக்கு வாசித்துவிட்டு, வந்த வழியே போயிற்று.

அருள்தாஸ் இதுவரை மேடையே ஏறியதில்லை. மனைவி ரெஜினாவிடம் சொல்லிவிட்டான்: "இது ஊத்திக்கிச்சுன்னா கிதாரைப் பரண்ல போட்டுடறேன். சத்தியமா. அப்புறம் தொடவே மாட்டேன்."

"அந்த ஹால்ல வேற எதிரொலி ஜாஸ்தி" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் ரெஜினா.

மறுநாள் ஒத்திகைக்கு அவன் குருவுக்கு டீ வாங்கிக்கொண்டு போனான்.

"குருவே, ஒரு யோசனை. வயசானவங்க. மூச்சு வாங்கும். எல்லாத்தையும் கொஞ்சம் நிதானமா வாசிச்சா என்ன?"

செங்கமலம் டீயைக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "சரிண்ணே" என்றாள்.

அடித்தாள். மெதுவாக, மிக மெதுவாக, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு ஆள் தெருவைக் கடக்கலாம். அருள்தாஸ் பாடினான். இரண்டாவது வரியிலேயே சார்லஸ் கொட்டாவி விட்டான். மூன்றாவது வரியில் அருள்தாஸுக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற மாதிரி இருந்தது.

அவனாகவே நிறுத்தினான்.

"எழுந்திருப்பாங்களா?" என்று கேட்டாள் குரு.

"ஜெபம் பண்ணத்தான் எழுந்திருப்பாங்க" என்றான்.

அதற்குப் பிறகு நிதானம் பற்றி யாரும் பேசவில்லை. பயம் மட்டும் குறையவில்லை. தபால் ஆபீஸில் திருவொற்றியூர் தபாலைத் திருவான்மியூர் பக்கம் போட்டான். பழைய ரெக்கார்டுகளை ஓடவிட்டு, எந்தப் பாட்டு எவ்வளவு நேரம் என்று பார்த்துப் பார்த்து, கேக் வெட்டும் நேரம் வரைக்கும் சரியாக வருகிற மாதிரி பாட்டுகளை அடுக்கி வைத்தான். அதிலாவது பிசகு வராது என்று ஒரு ஆறுதல்.

சனிக்கிழமை ஆட்டோவில் போகும்போது கேட்டான்: "குருவே, இந்தப் பயம் போறதுக்கு என்ன வழி?"

குரு அவனைப் பார்த்தாள். பிறகு சார்லஸை இடித்துத் தள்ளி, சீட்டில் தனக்கும் அருள்தாஸுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டாள்.

"யாருக்கு?" என்றான் அருள்தாஸ்.

"அதுவும் நம்மகூடதான வருது. உக்காந்துட்டு வரட்டும்."

சார்லஸ் பாதி உடம்பு வெளியே தொங்க, பெரம்பூர் வரைக்கும் அப்படியே வந்தான்.

ஹால் நிறைந்திருந்தது. கலர் பேப்பர் தோரணம், மாட்டுக்கறி கட்லெட் வாசனை, கோட்டு போட்ட தாத்தாக்கள். முன் வரிசையில் நட்ட நடுவில் மியூரியல் ஆன்ட்டி. ஊதா கவுன். மடியில் கைப்பை. கைப்பையின் மேல் இரண்டு கைகள்.

அருள்தாஸ் அந்தக் கைகளையே பார்த்தபடி கிதாரை மாட்டிக்கொண்டான்.

முதல் பாட்டு. அந்த அம்மா அசையவில்லை.

இரண்டாவது பாட்டு. அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். எழுந்திருக்கப் போகிறார் என்று அருள்தாஸ் கழுத்தை நீட்டினான். அவர் கைப்பையைத் திறந்து இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான், அவனுக்குள் எதுவோ கழன்றுகொண்டது. இந்தப் பாட்டு பிடிக்கவில்லையா, சரி அடுத்தது. அதுவுமா? அடுத்தது. ஓடினான். ஒத்திகையில் வாசித்ததே வேகம், இது அதற்கும் மேலே. வரிகளை விழுங்கினான். ஒரு பாட்டின் நடுப்பகுதியையே தாண்டிக் குதித்தான். கண் மட்டும் அந்த ஒரு நாற்காலியை விட்டு நகரவில்லை. செங்கமலம் அவன் ஓடின ஓட்டத்துக்கெல்லாம் முகம் மாறாமல் கூடவே ஓடினாள்.

கடைசிப் பாட்டு முடிந்தது.

நாலு பேர் கை தட்டினார்கள். அதில் ஒருத்தி ரெஜினா. தரை காலியாகக் கிடந்தது.

ஹாலின் செயலாளர் நார்பர்ட் மேடை ஓரத்துக்கு வந்தார். "என்ன மேன், நிறுத்திட்ட? கேக் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு. வாசி, வாசி."

அருள்தாஸ் கடிகாரத்தைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. ரெக்கார்டு ஓடுகிற நேரத்தைப் பார்த்து அடுக்கின பாட்டுகள். வாசித்ததோ எலிப்பொறி. பாதி நேரத்திலேயே அத்தனையும் காலி.

குருவிடம் போய்க் குனிந்தான்.

"குருவே, பாட்டு தீந்துடுச்சு."

"தெரியும்."

"ஒருத்தரும் எழுந்திருக்கல."

"பாத்தேன்."

"என் மானம் கப்பலேறிடுச்சு. ஊரே பாத்துட்டிருக்கு. என்ன பண்றது?"

செங்கமலம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"அண்ணே, எது நடந்துடுமோன்னு இத்தனை நாளா பயந்தீங்களோ, அது நடந்துடுச்சா?"

"நடந்துடுச்சு."

"முழுசாவா? இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

அருள்தாஸ் யோசித்தான். நிஜமாகவே தேடிப் பார்த்தான். கூடுதலாகக் கெடுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் துழாவினான்.

"இல்ல" என்றான். சொல்லும்போதே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப முதல் பாட்டு."

"அதைத்தான் பாடியாச்சே!"

"யாரு பாடினா?"

அவன் திரும்பி மைக்கிடம் போனான்.

"முதல் பாட்டு, இன்னொரு தடவை" என்றான். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

குரு குச்சிகளைத் தட்டினாள். அருள்தாஸ் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான். அதே வேகம்தான். ஆனால் இந்தத் தடவை அந்தப் பாட்டில் ஒரு பெண் இருந்தாள், ஒரு கார் இருந்தது, வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஒரு சனிக்கிழமை இருந்தது. எல்லாம் முன்பும் அங்கேதான் இருந்திருக்கும். அவன்தான் பார்க்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினான். அய்யோ, என்ன பாட்டு இது!

நடுவில் யாரோ அவன் விலாவில் இடித்தார்கள். சார்லஸ். ஒத்திகையிலோ ஆட்டோவிலோ ஒரு வார்த்தை பேசாத சார்லஸ், அவன் காதருகே வந்து கத்தினான்.

"அண்ணே! ஆன்ட்டி! ஆன்ட்டியைப் பாருங்க!"

"எந்த ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு, அருள்தாஸ் அடுத்த வரிக்குப் போய்விட்டான்.