தவில்காரர் கைக்குப் போட்ட கட்டு

கட்டு என்ற சொல்லுக்கு ஏடுகளிலிருந்து பதினோரு பொருள் எழுதி வைத்திருந்தார் ஏகாம்பரம். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் செல்லையாவிடம் சீடராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

“அணை கட்டுறாங்க, தாலி கட்டுறாங்க, பேயைக் கட்டுறாங்க. நம்ம கட்டு இதுல எதோட சேரும் ஐயா?”

செல்லையா கட்டுக்கு அணைகொடுக்கும் மூங்கில் தப்பையைச் சீவிக்கொண்டே இருந்தார்.

அந்நேரம் தவில்காரர் ராஜமாணிக்கம் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். செல்லையா எலும்பை இழுத்துப் பொருத்தினார்.

“நீங்க கட்டுங்க வாத்தியாரே” என்று சொல்லிவிட்டு, உள்ளறையில் கால் ஒடிந்து கிடந்தவரைப் பார்க்கப் போனார்.

ஏகாம்பரத்துக்கு அதுதான் முதல் கட்டு. எலும்பு நழுவிவிடக் கூடாதே என்ற பயம். தப்பைகளை வைத்து, துணியைப் பல்லால் கடித்து இழுத்து முடிந்தார். பிறகு எழுந்து, மூலையில் இருந்த தம் ஏடுகளைப் புரட்டப் போய்விட்டார்.

“வாத்தியாரே, வலிக்குது.”

“கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும்.”

கொஞ்ச நேரம் போயிற்று.

“விரல் மரத்துப்போச்சு.”

“அசைக்காம இருங்க.” தலை நிமிரவில்லை.

அடுத்து வந்தது குருவின் குரல். ஏகாம்பரம் ஓடினார். ராஜமாணிக்கத்தின் விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன.

“அறுங்க.”

“அறுத்தா எலும்பு விலகிடுமே ஐயா.”

“அறுக்காட்டி?”

ஏகாம்பரம் கத்தரியை எடுத்து அறுத்தார். துணி விட்டது. செல்லையா முறிவைத் தம் இரு கையாலும் அசையாமல் தாங்கிக்கொண்டார்.

“நகத்தை அழுத்துங்க.”

அழுத்திய இடம் வெளுத்தது. வெளுத்தபடியே நின்றது; ரத்தம் திரும்பவில்லை.

“மறுபடி.”

“ஆவணியில பதினாலு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்” என்றார் ராஜமாணிக்கம். “ஒத்தைக் கையால தவிலை அடிச்சா, பொண்ணு வீட்டுக்காரங்க என்னை அடிப்பாங்க.”

ஏகாம்பரம் நகத்தை மீண்டும் அழுத்தினார்.

“மறுபடி.”

ஏழாவது முறை அழுத்தி எடுத்தபோது நகத்தடியில் மெல்லச் சிவப்பு ஊறியது. ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

செல்லையா தப்பைகளை மறுபடி பொருத்தி, சீடரின் விரலைப் பிடித்து அந்த மணிக்கட்டின் மேல் வைத்தார். அதையும் சேர்த்தே துணியைச் சுற்றி முடிந்தார்.

“இப்ப விரலை உருவுங்க.”

உருவினார். கட்டு நின்றது.

வெகு நேரம் கழித்து ஏகாம்பரம் கேட்டார்: “இறுக்கினதுதானே ஐயா என் தப்பு?”

“முதல் கட்டு எல்லாருக்கும் இறுகத்தான் செய்யும்” என்றார் செல்லையா. “கட்டினது நீங்க. அவிழ்க்கிறதுக்கு முன்னாடி எங்கே எழுந்து போனீங்க?”