தப்பாகப் படித்த அடி

செண்பகவல்லியைத் தகனம் செய்துவிட்டு வந்த அன்று அவள் கணவர் ஏகாம்பரத்துக்கு நா கட்டிப்போனது. வைத்தியர்கள் கையை விரித்தார்கள். பேச முடியாததை எழுதியாவது ஆற்றிக்கொள்ளலாமென்று, அறுபது வயதில், மகள் வயதுள்ள தையல்நாயகியிடம் கவிதை கற்க வந்து சேர்ந்தார்.

மனைவியை நினைத்து ஒரு பாட்டு எழுதினார். எழுதி முடித்ததும் சிலேட்டில் ஒரு கேள்வியை எழுதி ஆசிரியையிடம் நீட்டினார்.

'எழுதியும் மனசு ஆறவில்லையே, ஏன்?'

தையல்நாயகி பாட்டை ஒரு முறை படித்துப் பார்த்தாள். "பௌர்ணமிக்கு அரங்கேத்திடலாம் ஐயா" என்றாள்.

ஏகாம்பரம் தன் வாயைத் தொட்டுக்காட்டிக் கையை விரித்தார். அந்த ஊர் அம்மன் சந்நிதியில் எழுதியவரேதான் வாய்விட்டுப் பாட்டைச் சொல்ல வேண்டும். சொல்லாத பாட்டை ஏட்டோடு ஆற்றில் விட்டுவிடுவார்கள். செண்பகவல்லிக்கென்று அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

பௌர்ணமியன்று காலை சந்நிதி நிறைந்திருந்தது. ஏகாம்பரம் எழுந்து நின்றார். வாய் திறந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

"என்ன பெரியவரே, அம்மனுக்கு மட்டும் ரகசியமா சொல்றீங்களா?" என்றான் உடன் படிக்கும் மாசிலாமணி. கூட்டம் சிரித்தது.

தையல்நாயகி அவர் கையிலிருந்து ஏட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவர்தானே அம்மா சொல்லணும்?" என்றார் பூசாரி.

"நான் அரங்கேத்தலை சாமி. சும்மா படிச்சுப் பார்க்கிறேன்."

படித்தாள்.

"விளக்கை நீ ஏற்றினாய், வெளிச்சத்தில் நான் படித்தேன்;
விளக்கோடு நீ போனாய், இருட்டில் தவிக்கிறேன்."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஏகாம்பரம் வேகவேகமாகத் தலையை ஆட்டினார். அவர் எழுதியது அதுவல்ல.

"ஏன் ஐயா, நல்லாத்தானே இருக்கு? தவிக்காம வேற என்ன செய்வீங்க, பாவம்!"

மறுபடியும் அப்படியே படித்தாள். அவர் காலால் தரையை உதைத்தார். ஏட்டைப் பிடுங்கப் போனார். அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"செண்பகவல்லியம்மா, கேட்டீங்களா? உங்க வீட்டுக்காரர் இருட்டில் தவிக்கிறாராம்!"

"படிக்கிறேன்!"

கற்பூரத் தட்டோடு பூசாரி ஏகாம்பரத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இருட்டிலும் படிக்கிறேன்! உன்னைத்தான் படிக்கிறேன்! அப்படித்தாண்டி எழுதினேன், செண்பகம்!"

பிறகு பூசாரி மணியை எட்டிப் பிடித்து அடி அடியென்று அடித்தார். "பெரியவரே, இன்னொரு தரம்!" என்று கத்தினான் மாசிலாமணி. அவன் கண் நிறைந்திருந்தது.

ஏகாம்பரம் முதல் அடியிலிருந்து தொடங்கினார். குரல் கரகரத்தது, உடைந்தது, நிற்கவில்லை. கடைசி அடியைச் சந்நிதியே திருப்பிச் சொன்னது.

எல்லாரும் பிரசாதம் வாங்கப் போனபின் அவர் தையல்நாயகியிடம் வந்தார்.

"என்னைக் குணமாக்கினது என் பாட்டா, உங்க பிழையா அம்மா?"

"நீங்க எழுதினது அப்பவே சரியாத்தான் இருந்தது ஐயா. இன்னிக்குத்தான் அதை வாய்விட்டுப் படிச்சீங்க."