பாதியில் நின்ற சரணம்

கொடைக்கானலில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து, அந்த ராக் இசைக்குழு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தார்கள். பாட்டுகளைவிடக் காலி பாட்டில்கள்தான் அதிகம் சேர்ந்தன.

பாடகன் நித்திலன், தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ரெஜினா மிஸ்ஸை வரவழைத்தான்.

"மிஸ், ஜெரோமைக் குழுவை விட்டு அனுப்பிடலாமா?"

ஜெரோம் கிடார் வாசிப்பவன். விடிந்ததுமே குடிக்கத் தொடங்கிவிடுவான். முந்தின நாள் நித்திலனோடு சண்டை முற்றி அவன் எறிந்த பாட்டில், டிரம்மைக் கிழித்துவிட்டது. டிரம்மர் ஷாகுல் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டான்.

"முதல்ல பாட்டைக் கேட்போம்" என்றார் மிஸ்.

போட்டுக் காட்டினார்கள். கிடார்மேல் கிடார், குரல்மேல் குரல். நித்திலனும் ஜெரோமும் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் சத்தத்தை ஏற்றியிருந்தார்கள்.

மிஸ் எழுந்து பிளக்குகளை எல்லாம் பிடுங்கினார்.

"வெளியே வாங்க. மைக் வேண்டாம்."

புல்வெளியில் இளவெயில். ஷாகுல் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துத் தட்டினான். ஜெரோம் பழைய மரக் கிடாரை எடுத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்காமலே நித்திலன் பாட ஆரம்பித்தான். கிடார் காதில் விழ வேண்டுமென்றால் குரலைத் தணித்தாக வேண்டும். தணித்தான்.

சரணத்தில் ஜெரோமின் விரல்கள் நடுங்கின. வாசிப்பு நின்றது. நித்திலனும் நிறுத்தினான். ஷாகுலும் கையை எடுத்துவிட்டான்.

"முடியலடா" என்றான் ஜெரோம். "குடிக்கலைன்னா கை நிக்க மாட்டேங்குது. நானே விட்டுடலாம்னு பார்த்தேன். முடியல. என்னை ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க."

சொல்லிவிட்டு அழுதான். ஷாகுல் உள்ளே போய்க் கார் சாவியை எடுத்து வந்தான். ஜெரோமைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்தான்.

நித்திலனுக்குப் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது. ஆனாலும் கேட்டான்.

"மிஸ், நீங்க பதில் சொல்லலையே. அவன் தேறி வர்ற வரைக்கும் ஆல்பத்தை நிறுத்தி வைக்கிறதா, வேற ஆளை வெச்சு முடிச்சிடுறதா?"

"அவன் வாசிக்கிறதை நிறுத்தினப்போ நீ பாட்டுக்குப் பாடியிருக்கலாம்ல. ஏன் பாடல?"

நித்திலன் காரை நோக்கி நடந்தான். ஜெரோமுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.